மாவு புளிச்சிரும்

விளக்கை அணைத்துவிட்டார்கள். இனி பதினோரு நிமிடம். அது முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள், பேராசிரியர் கோதண்டம் எழுந்து என் பெயரைச் சொல்வார், நான் நான்கு படி ஏறி மைக் முன்னால் நின்று பேச வேண்டும். நான்கு படி என்று முன்பே எண்ணி வைத்திருக்கிறேன். மூன்றாவது படியில் கம்பளம் கிழிந்து தூக்கிக்கொண்டிருக்கிறது, புடவை அதில் மாட்டக் கூடாது. ஏசி காற்று நேராகப் பின்கழுத்தில் விழுகிறது, கை மட்டும் எப்படி வியர்க்கிறதோ, கையிலிருக்கும் குறிப்பட்டை நனைந்து வளைந்துவிட்டது. பரவாயில்லை, அதிலிருப்பது எனக்கு மனப்பாடம். அனைவருக்கும் வணக்கம். மௌனப் படங்களில் நடிகர்கள் வாயசைத்து என்ன பேசினார்கள் என்று நாம் கேட்டுக்கொண்டதே இல்லை. இங்கே ஒரு நொடி நிறுத்தச் சொல்லியிருக்கிறார் சார். நீங்கள் இப்போது பார்த்த அழுகைக் காட்சியில், கணவனின் காலடியில் மிஸ் குஞ்சரம் கதறும்போது, எழுத்து அட்டையில் வருவது, நாதா, அடியாளைக் கைவிடலாகுமோ. அவர் உண்மையில் சொல்வது, மாவு புளிச்சிரும். இங்கே சிரிப்பார்கள். "சிரிக்கட்டும், அவசரப்படாதீங்க, முழுசா சிரிச்சு முடிக்கட்டும்," என்றார் சார் நேற்று. "இங்கேருந்து வீட்டுக்குக் கொண்டுபோறது அந்தச் சிரிப்பைத்தான். மத்ததெல்லாம் லிஃப்ட்லயே மறந்துடுவாங்க." சாரின் புத்தகத்துக்கே அதுதான் தலைப்பு. மாவு புளிச்சிரும், அடியில் சின்ன எழுத்தில், தமிழ் மௌனப் பட ஆய்வுகள். அட்டை அச்சாகிவிட்டது. வாசலில் ஒரு மேஜைமேல் அதைப் பெரிதாக்கி நிறுத்திவைத்திருக்கிறார்கள். முன்னுரையில் என் பெயர் இருக்கிறது. உதடு படித்த மாணவி செல்வி சுகிர்தா.

முதல் நிமிடம் வெறும் கீறல்தான். மழை பெய்வது மாதிரி வெள்ளைக் கோடுகள், நடுவே நான்காம் பாகம் என்று ஓர் அட்டை, அவ்வளவுதான். படத்தின் பெயர் முதல் பாகத்தோடு போயிற்று. பதினேழு படம் நடித்தவர் குஞ்சரம், மிச்சம் இருப்பது பெயர் தெரியாத ஒரு படத்தின் இந்த நான்காம் பாகம் மட்டும். எங்கோ வெளிநாட்டில், வேறு ஏதோ படத்தின் டப்பாவுக்குள் எழுபது வருடம் கிடந்து, இப்போது சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறார்கள். சிடியில் ஒரு நகல் முன்பே வந்துவிட்டது, அதைத்தான் நான் ஒரு வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், துறையின் கணினியில், அப்புறம் வீட்டு டிவியில். பெரிய திரையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இதோ வருகிறார். கையில் விளக்கோடு வாசல் வழியாக. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு ஒரு கணம் நின்று வருகிறது, இன்றைக்கும் நின்றது, பயத்தில் அது மறந்துபோகவில்லை என்பதே ஆச்சரியம். திரையில் மற்ற எல்லோரும் நாடக மேடையிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்தவர்கள், கையை விரித்து, மார்பில் அடித்து, வாயைக் குகை மாதிரி திறந்து. இவர் ஒருவர்தான் சும்மா நடந்து வருகிறார். விளக்கைக் கீழே வைக்கிறார், வைத்துவிட்டு அது ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறார். அந்த ஒரு விரலுக்காக நான் இருபது பக்கம் எழுதியிருக்கிறேன். அப்படி யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எந்த டைரக்டரும் சொல்லியிருக்க மாட்டார், டைரக்டர்கள் அப்போது மெகாஃபோனில் கத்திக்கொண்டிருந்தார்கள், பக்கத்து செட்டில் தச்சர்கள் ஆணியடித்துக்கொண்டிருந்தார்கள், படத்தில் சத்தம் பதிவதில்லை என்பதால் எல்லோருக்கும் சத்தம் போட முழு உரிமை. அந்தச் சந்தையின் நடுவே நின்றுகொண்டு ஒரு பெண் விளக்கை விரலால் தொட்டுப் பார்க்கிறாள்.

உதடு படிக்கத் தெரியும் என்று யாரிடமும் நானாகச் சொன்னதில்லை. பியூலா அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பாளையங்கோட்டையில் விடுதிப் பள்ளியில் படித்துவிட்டு லீவுக்கு வரும்போது அவளோடு பேச நான் குரலை நிறுத்திவிடுவேன். அவளுக்கு எதற்குக் குரல், வாய் தெளிவாக அசைந்தால் போதும். அப்படியே பழகிவிட்டது. பள்ளியில் டீச்சர், "ஏட்டி சுகி, வாய் மட்டும் அசையுது, சத்தத்த வீட்ல வச்சிட்டு வந்தியா?" என்று கேட்டு வகுப்பே சிரித்தது. எம்.ஏ. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் காதில் கையைக் குவித்துக்கொண்டார். இப்போதும் மைக்கை நினைத்தால் அந்தக் குவிந்த கைதான் வருகிறது. மைக் இருந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள், மைக் என்னுடைய இல்லாத குரலைப் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டும், அவ்வளவுதானே. பியூலாவிடமிருந்துதான் மறுபக்கம் கற்றேன், குரலில்லாத வாயைப் படிப்பது. படிப்பது என்று சொல்லக் கூடாது, பாதிக்குப் பாதி ஊகம். ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான், இரண்டுக்கும் உதடு மூடித் திறக்கிறது. அம்மாவும் அப்பாவும் ஒன்று. மாடும் பாடும் ஒன்று. பள்ளியிலிருந்து வந்த புதிதில் அக்கா, பாட்டு வாத்தியார் வந்திருக்கிறார் என்று நான் சொன்னதை மாட்டு வாத்தியார் என்று எடுத்துக்கொண்டு மாட்டு வைத்தியர்தான் வந்திருக்கிறார் என்று தொழுவத்தைத் திறந்துவிட்டாள். ஆளைத் தெரிந்திருந்தால்தான் அவர்களுடைய வாயைப் படிக்க முடியும் என்பாள். அதாவது சொல்லமாட்டாள், கையால் முதலில் ஆளைக் காட்டுவாள், பிறகு வாயைக் காட்டுவாள். வாயை முதலில் காட்டியதே இல்லை.

குஞ்சரம் என்ற ஆளை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். கும்பகோணத்தில் ஒரு நாடக கம்பெனியில் பத்து வயதில் சேர்ந்தவர். பதினைந்து வயதில் நாடக நோட்டீஸில் அவர் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே, கடைசி வரிசைக்கும் கணீரெனக் கேட்கும் குரலரசி. பதினெட்டில் மதராஸ், சினிமா, பெயருக்கு முன்னால் மிஸ். கதாநாயகிகள் எல்லோரும் மிஸ்தான் அப்போது, மிஸ் இல்லாவிட்டால் போஸ்டரே ஒட்டமாட்டார்கள். ஆரம்பப் படங்களின் புகைப்படங்கள் நாலைந்து கிடைத்திருக்கின்றன, அவற்றில் அவரும் மற்றவர்களைப் போலவே வாயைத் திறந்து அலறுகிறார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதுக்குப் பிறகு திடீரென்று வாய் சிறுத்துவிடுகிறது. உதடு அசைகிறது, அவ்வளவுதான், முகம் முழுக்கக் கண்ணுக்குப் போய்விடுகிறது. பார்த்தவர்கள் மயங்கினார்கள். அடக்கத்தின் திருவுரு என்று எழுதினார்கள். எதிரில் இருப்பவரைப் பார்க்காமல், நமக்குத் தெரியாத விதியை அவர் தூரத்தில் பார்ப்பது போலொரு பார்வை என்று எழுதினார்கள். சார் அதற்கு ஜெர்மன் படங்களின் பாதிப்பு என்று ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறார். பிறகு பேசும் படம் வந்தது, குரல் பரிசோதனைக்கு அழைத்தார்கள், கம்பெனி கடிதம் ஒன்று இருக்கிறது, இரண்டே சொல், குரல் போதாது. கடைசி வரிசைக்குக் கேட்ட குரல் எங்கே போயிற்று என்று யாருக்கும் விளங்கவில்லை. அவர் கொடுத்த ஒரே பேட்டியில் அதைக் கேட்கிறார்கள். ஏன் தாங்கள் பேசும் படத்தில் நடிக்கவில்லை. பேசச் சொன்னார்கள், நான் அதுவரை பேசிக்கொண்டுதானே இருந்தேன். இந்த வரியை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதிவைத்திருக்கிறேன். காலையில் அதைப் பார்க்காமல் வேலை தொடங்கியதில்லை. வாய்மொழித் தேர்வில் அந்தப் பேராசிரியரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது, எனக்கு முன்னால் ஒருவர் சொல்லிவிட்டார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்.

கதாநாயகன் வந்துவிட்டான். குஸ்தி வீரராக இருந்து நடிகரானவர், கழுத்தே கிடையாது. இரண்டாம் மனைவி பேச்சைக் கேட்டு இவளை வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறான். வாய் திறப்பதைப் பார்த்தாலே தெரிகிறது, தொண்டை கிழியக் கத்துகிறார் மனிதர். முன்வரிசையில் யாரோ இருமுகிறார்கள். அவர்தான். அவருடைய வெள்ளைத் தலை திரையின் அடிப்பாகத்தில் கொஞ்சம் தெரிகிறது. நாகரத்தினம் அம்மாள். எழுபத்து நான்கு வயது. குஞ்சரத்துக்கு ஒரு மகள் உண்டு என்பதே போன மாதம் பத்திரிகையில் செய்தி வந்தபிறகு அவர் துறைக்குப் போன் செய்ததால்தான் எங்களுக்குத் தெரியும். இன்றைக்குத் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் வாசலில் காபி டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். புத்தக அட்டையை நின்று படித்துவிட்டு, நேரே என்னிடம் வந்து, "மாவுப் பொண்ணு நீதானா?" என்றார். ஆமாம்மா என்றேன், அவருக்குக் கேட்கவில்லை, தலையை ஆட்டினேன். "இருக்கும் இருக்கும். இட்லி விஷயத்துல அவ ரொம்பக் கறார். மாவு பொங்கிச்சுன்னா அன்னிக்கி வீட்ல ஒருத்தருக்கும் நிம்மதி கிடையாது. நல்லாத்தான் கண்டுபிடிச்சே." சிரித்தார். சிரித்துக்கொண்டே பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்த ஒரு காகிதத்தை எடுத்தார். அந்தப் பேட்டி. என்னிடம் இருப்பது நகல், அவரிடம் இருந்தது அசல், மடித்த இடங்களில் துணி வைத்து ஒட்டியிருந்தது. "இதைப் படிச்சிருப்பியே." தலையாட்டினேன். "எந்த வரியப் பத்திக் கேட்கறேன்னு தெரியுதா?" பேசச் சொன்னார்கள் என்ற வரியை விரலால் காட்டினேன். "அதில்ல. அதுக்குக் கீழே." கீழே, தங்களுக்கு மக்கட்பேறு உண்டா. எமக்குக் கலையே மகவு, பிறிதொன்றில்லை. நான் நூறு தடவை தாண்டிப்போன வரி. எல்லா மிஸ்களும் அப்படித்தானே சொன்னார்கள். "அப்ப எனக்கு நாலு வயசு," என்றார் அவர். "அந்தப் பிறிதொன்று நான்தான்."

அப்போது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் ஒரு காபி டிக்கெட்டை அவர் கையில் கொடுத்தேன். நினைத்தாலே காது சூடாகிறது, இத்தனை வருடம் அந்தக் காகிதத்தைத் தைத்தும் ஒட்டியும் வைத்திருந்த ஒருவரிடம் காபி டிக்கெட். அவர் அதை வாங்கிப் பேட்டியோடு உறைக்குள் வைத்துக்கொண்டார். "கோவமெல்லாம் இல்லடி. சோறு போட்டா, படிக்க வெச்சா, எல்லாம் செஞ்சா. வாயத் திறந்து ஒரு வார்த்தை, இது என் பொண்ணுன்னு யார்கிட்டயும் சொல்லல. நான் விவரம் தெரிஞ்சு பார்க்கறப்போ அவ படம் ஒண்ணும் கிடையாது, எல்லாம் எரிஞ்சுபோச்சு. இன்னிக்கித்தான் பார்க்கப் போறேன். அவ வாய் என்ன சொல்லுதுன்னு ஒரு பொண்ணு படிச்சிருக்காளாம்னு பேப்பர்ல போட்டிருந்தான், நானும் ஆசையா கீழே படிச்சேன். மாவு." மறுபடி சிரித்தார். நல்ல சிரிப்பு, பல் வரிசை அப்படியே குஞ்சரம். பிறகு, "கேசவலு பொய் சொல்லியிருக்க மாட்டான்," என்றார் தனக்குள் பேசுவது போல. யார் கேசவலு என்று நான் வாயசைத்ததை எப்படியோ புரிந்துகொண்டார். "மேக்கப் போட்டவன். ஒரு கல்யாணத்துல பார்த்தேன், கிழவனாயிட்டான். பாப்பா, உன்னை எனக்குத் தெரியும், சீன் வரைஞ்ச துணிக்குப் பின்னால உனக்குத் தூளி கட்டினதே நான்தான்னான். மொதலாளிக்குத் தெரியாம. நான் அழுதா குட்டு வெளியாயிடுமாம். எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. அவகிட்டக் கேட்டேன், கேசவலு குடிகாரன்னுட்டா." அதற்குள் சார் வந்து, அம்மா வாங்க, உங்களுக்கு முன்வரிசையில இடம் என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறாவது நிமிடம். அட்டை வந்து போயிற்று, நாதா, அடியாளைக் கைவிடலாகுமோ. இனி காட்சி. எனக்கு இதன் ஒவ்வொரு ஃபிரேமும் தெரியும், ஆனால் துறைக் கணினியில் அவர் முகம் என் உள்ளங்கையளவு, இங்கே ஒரு வீட்டுச் சுவரளவு. குஸ்தி வீரர் கதவைக் காட்டிக் கத்துகிறார். குஞ்சரம் மண்டியிடுகிறார். கத்திக்கொண்டே இருப்பவரின் முகத்துக்கு நேராக உள்ளங்கையைத் தூக்குகிறார், கும்பிடுவது போலத்தான், ஆனால் கும்பிடு இல்லை, கை தாழ்ந்து தாழ்ந்து இறங்குகிறது. உதடு. முதல் சொல்லை என்னால் படிக்க முடியவில்லை, என் குறிப்பில் முதல் சொல் தெளிவில்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன். இங்கே தெளிவாக இருக்கிறது. இவ்வளவு பெரிதாக இருந்தால் தெளிவாகத்தானே இருக்கும். உதடு மூடுகிறது, பல் தெரிய விரிகிறது, ஒரு நுனி நாக்கு, பிறகு கீழுதடு பல்லைத் தொட்டு வாய் திறக்கிறது. மெதுவா. மெதுவா என்கிறார். கையும் அதைத்தான் சொல்கிறது, இறங்கி இறங்கி. யாரிடம் மெதுவா என்கிறார், கத்துகிறவனிடம். அடுத்தது மா. அடுத்த எழுத்தின்போது முந்தானை வாய்க்கு வந்துவிடும், கண்ணீரைத் துடைக்க, அதனால் அந்த எழுத்து உதட்டில் தெரியாது, மா-வுக்குப் பிறகு என்ன என்று நான்தான் நிரப்பினேன், ஏனென்றால் முந்தானை விலகும்போது வருவது புளிச்சிரும், புளிப்பது மாவு, அதனால் மாவு. முந்தானை வருகிறது. முந்தானைக்குக் கீழே தாடை தெரிகிறது. சின்னத் திரையில் அந்தத் தாடை ஒரு நிழல். இங்கே அது ஒரு தாடை. அது மறுபடியும் இறங்குகிறது. வு என்றால் தாடை இறங்காது, நான் இப்போது இருட்டில் மாவு, மாவு என்று வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன், ஒரே ஒரு தடவைதான் இறங்குகிறது. அவருடையது இரண்டு தடவை இறங்கியது. மா மா. பா பா. முந்தானை விலகிவிட்டது, புளிச்சிரும், உதடு குவிந்து, ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான், இதை நான் மூன்று வயதிலிருந்து அறிவேன், நம்மில் பாதிப்பேர் வாயில் ழி ளியாகத்தான் வருகிறது, முழிச்சிரும். மெதுவா, பாப்பா முழிச்சிரும். சொல்லிவிட்டு அவர் கண்கள் கணவனை விட்டு இடதுபக்கம் திரைக்கு வெளியே போகின்றன. தூரத்து விதி. அங்கே சீன் துணி இருந்திருக்கும். அதன் பின்னால் கேசவலு கட்டிய தூளி.

இதை முன்பே பியூலா சொன்னாள். போன டிசம்பரில் வீட்டு டிவியில் இதைப் போட்டுக் காட்டி எப்படி என் கண்டுபிடிப்பு என்று கேட்டபோது, அவள் பார்த்துவிட்டு, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள், பிறகு டிவியைச் சுட்டினாள். நான், தூக்கம் வருதாக்கா, நிப்பாட்டட்டுமா என்று வாயசைத்துவிட்டு டிவியை நிறுத்தினேன். அவள் எழுந்து போய்விட்டாள். அவள் எதையும் இரண்டாம் தடவை சொல்லமாட்டாள், பிறந்ததிலிருந்து எல்லோரும் அவளை என்ன என்ன திருப்பிச் சொல்லு என்றே கேட்டதில் அவளுக்கு அது ஆகாது, அது எனக்குத் தெரியும். ஒரு நடிகையின் உதட்டை ஒரு வருடம் உட்கார்ந்து படித்த நான் என் அக்காவின் கையைப் படிக்கவில்லை. பிள்ளை தூங்குது என்றாள். நான் டிவியை நிறுத்தினேன்.

நான்கு நிமிடம் இருக்கிறது. திரையில் காட்சி மாறிவிட்டது, கோவில் குளம், கூட்டம், குஞ்சரம் ஓரமாக நடந்து போகிறார். என்ன செய்யலாம். குறிப்பட்டையில் இருப்பதை அப்படியே சொல்லிவிட்டு இறங்கலாம். சிரிப்பார்கள். சார் சந்தோஷப்படுவார். சார் கெட்டவர் இல்லை, என்னைப் போல வாய் பேசாத ஒருத்தியை மேடைக்கு அனுப்பவேண்டும் என்று வேறு யாருக்குத் தோன்றியிருக்கும். அவருடைய புத்தகத்தின் பெயரையே அவருக்கு முன்னால் நின்று தப்பு என்று சொல்ல வேண்டும். நாளைக்கு அவரிடம் தனியாகச் சொல்லலாம். கடிதமாக எழுதலாம், எழுத எனக்கு வரும். நாகரத்தினம் அம்மாளுக்கும் ஒரு கடிதம். ஆனால் இன்னும் நான்கு நிமிடத்தில் நூற்றிருபது பேர் மாவுக்குச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பின் நடுவே முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருப்பார், அவரும் சிரிப்பார், அதுதான் எனக்குத் தாங்காது, அவர் நன்றாகச் சிரிப்பார். அப்புறம் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவார். கடிதம் போய்ச் சேரும்போது மாவு அவருக்குள் புளித்து முடிந்திருக்கும். ஒருவேளை நான் மறுபடியும் தப்பாகப் படித்திருந்தால். மாமாவாக இருந்தால். மாமா முழிச்சிரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள், மாமா முழிச்சிருவார். பாப்பாதான் முழிச்சிரும். தூங்குகிற குழந்தைக்குத்தான் தமிழில் அப்படி ஒரு அஃறிணை. இலக்கணம்கூட என் பக்கம் இருக்கிறது.

அவர் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் இருந்தவர். ஒரு பக்கம் தச்சர்கள், ஒரு பக்கம் மெகாஃபோன், எதிரே தொண்டை கிழியக் கத்தும் குஸ்தி வீரர், துணிக்கு அந்தப் பக்கம் சில மாதக் குழந்தை. உலகத்துக்கே இல்லாத குழந்தை. அவர் தன் ஒருத்தியின் குரலையாவது குறைத்துக்கொண்டார். சத்தத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறதோ அதை வைத்து நடித்தார், ஒரு விரல், ஒரு பார்வை, தாடை. அப்படித்தான் வந்திருக்கிறது எல்லோரும் மயங்கிய அந்த அடக்கம். ஜெர்மனியிலிருந்து வரவில்லை. குழந்தைக்காகச் செய்தது என்பதால் அது கலை இல்லை என்று ஆகிவிடுமா. நாளெல்லாம் கிசுகிசுத்தபடி ஓர் ஊரையே அழவைக்க எத்தனை பேரால் முடியும். நான் இதுவரை அவரை வியந்ததெல்லாம் பாதிதான். குழந்தை வளர்ந்து தூளியை விட்டு இறங்கியபிறகும் அவர் குரலை உயர்த்தவில்லை, ஒலிப்பதிவுக்காரன் சத்தமா, இன்னும் சத்தமா என்றபோதும் உயர்த்தவில்லை. மறந்துவிட்டாரா, மனம் வரவில்லையா, அது யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறிதொன்றில்லை என்று பேட்டியில் ஒரு தடவை பொய் சொன்னார். படம் ஓடிய ஊரிலெல்லாம், வெள்ளைத் துணியில் முப்பதடி உயரத்தில் நின்று, இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கேட்கத்தான் ஆளில்லை. பேசிக்கொண்டுதானே இருந்தேன்.

வெள்ளை. கீறல். விளக்கைப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் கண்ணைச் சுருக்குகிறார்கள், கைதட்டுகிறார்கள். சார் எழுந்து ஏதோ சொல்கிறார், எல்லோரும் சிரிக்கத் தயாராகத் திரும்புகிறார்கள், என் பெயர். எழுந்துவிட்டேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது படியில் புடவை மாட்டுகிறது, குனிந்து எடுத்துவிடுகிறேன். நான்கு. குறிப்பட்டையைக் காணோம், நாற்காலியிலேயே விட்டுவிட்டேன், நல்லதாயிற்று. மைக் என் நெற்றிக்கு நேராக இருக்கிறது, இறக்கத் தெரியவில்லை, எக்கி நிற்கிறேன். அனைவருக்கும் வணக்கம் என்றது எனக்கே கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "சத்தமா பேசுங்கம்மா," என்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்க்கிறேன். நாகரத்தினம் அம்மாள் பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பதற்கு முகத்தைத் தயாராக வைத்திருக்கிறார். "புத்தகத்தில் இருப்பது என் பிழை," என்றேன். "அவங்க மாவுன்னு சொல்லல. நான் தப்பாப் படிச்சிட்டேன்." கூட்டம் இதையே வேடிக்கை என்று நினைத்து நாலு பேர் சிரித்து நிறுத்தினார்கள். இரண்டாம் வரிசையில் சாரின் உதடு அசைகிறது, அட்டை அச்சாயிடுச்சே என்கிறது. மன்னிச்சிடுங்க சார். அதையும் நான் உதட்டால்தான் சொன்னேன். பிறகு, பியூலாவோடு பேசும்போது செய்வது போல, ஒவ்வொரு எழுத்துக்கும் வாயைத் திருத்தமாக வைத்து, குரலை உயர்த்தாமல், முன்வரிசைக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற அளவில் சொன்னேன். "மெதுவா, பாப்பா முழிச்சிரும்." கையும் தானாக இறங்கியது, அவர் கையைப் போல. நாகரத்தினம் அம்மாள் தயாராக வைத்திருந்த சிரிப்பைக் கலைக்க மறந்தவராய் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு திரும்பி, வெறும் வெள்ளையாக இருந்த திரையைப் பார்த்தார், அதில் இடதுபக்க ஓரத்தைப் பார்த்தார். மறுபடி என் பக்கம் திரும்பியபோது அவர் உதடு மூடித் திறந்தது, குரல் வரவில்லை. உதட்டில் அம்மாவும் அப்பாவும் ஒன்றுதான். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.